பாட்டி கூப்பிட்டால் திரும்பாத ஜெயந்தி

கேள்வி: எனக்குப் போன புதன்கிழமை காலை மகன் பிறந்தான். பள்ளிக்கும் பதிவுக்கும் ‘வின் ஆங்’ என்று பர்மியப் பெயர் முடிவாகிவிட்டது. வீட்டுக்கு, வெற்றி என்று பொருள் வருகிற தமிழ்ப் பெயர் ஒன்று வேண்டும். கணவர் விஜயன் என்கிறார். மாமியார் வெற்றிவேல் என்கிறார். எனக்கு இரண்டுமே பழசாகத் தெரிகிறது. மூத்தவளுக்கு ஏழு வயது. அவளுக்கு ஜெயந்தி என்று மாமியார்தான் பெயர் வைத்தார். பள்ளியில் சேர்த்த பிறகு நாங்களும் பர்மியப் பெயரையே சொல்லிப் பழகிவிட்டோம். மாமியார் ஜெயந்தி என்று கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. புதிய பெயர்களாகப் பத்து எழுதுங்கள்.
– ஒரு வாசகி, பெகு, பர்மா (மியான்மர்)

பதில்: பெயர்களுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஜெயந்தியைப் பற்றிப் பேச வேண்டும்.

ஜெயந்தி என்றால் வெற்றி பெறுபவள். நீங்கள் மகனுக்காகத் தேடுகிற அதே பொருளில் ஒரு பெயர் ஏழு வருடமாக உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை. இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

பாட்டி கூப்பிட்டால் பேத்தி திரும்புவதில்லை என்று பிள்ளையின் குணம் போலச் சொல்கிறீர்கள். அது அவள் தப்பு இல்லை அம்மா. காலையில் எழுப்பும்போதும், சோற்றுக்கு அழைக்கும்போதும், திட்டும்போதும் பெற்றவர்கள் வாயில் எந்தப் பெயர் வருகிறதோ அதுதான் பிள்ளைக்குப் பெயர். மாமியார் கூப்பிட்டு அவள் பேசாமல் இருந்தபோது நீங்கள் பக்கத்தில் இருந்திருப்பீர்களே, என்ன செய்தீர்கள்? ‘பாட்டி கூப்பிடுகிறார், போ’ என்று அனுப்பினீர்களா? அப்படியே அனுப்பியிருந்தாலும் பர்மியப் பெயரைச் சொல்லித்தானே அனுப்பியிருப்பீர்கள்? உங்கள் கணவரையும் நான் விடுவதாக இல்லை. தன்னைப் பெற்றவள் கூப்பிடுகிறாள், தான் பெற்றவள் கேட்காதது போல இருக்கிறாள், நடுவில் இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஒரு பெரிய மனுஷி தன் வீட்டிலேயே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவதை எந்த மகனும் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

ரங்கூனிலிருந்தும் மௌல்மீனிலிருந்தும் இதே போன்ற கடிதங்கள் எனக்கு வருகின்றன. எல்லோரும் பெயர்ப் பட்டியல் கேட்கிறார்கள். வைத்த பெயரைக் கூப்பிடுகிறோமா என்று யாரும் யோசிப்பதில்லை.

பர்மியப் பெயர் வைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிழைக்கிற ஊரில் அது வேண்டும். பிறந்த கிழமையை வைத்து முதல் எழுத்தை எடுக்கிற பர்மிய வழக்கப்படி முறையாகவே வைத்திருக்கிறீர்கள். செவ்வாய்க்குச் ச, ஜ வரிசை, ஞாயிறுக்கு உயிரெழுத்து என்று போகிற அந்தக் கணக்கில், புதன் காலையில் பிறந்த பிள்ளைக்கு ல அல்லது வ. ‘வின்’ அதற்குச் சரியாக இருக்கிறது. ‘ஆங்’ என்றாலும் வெற்றிதான். நல்ல பெயர். ஆனால் பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நாம் போடுகிற மாதிரி அப்பா பெயரின் முதல் எழுத்தும் முன்னால் வராது. பெயரை மட்டும் பார்த்து இவன் இன்னார் மகன், இன்னார் பேரன் என்று சொல்ல முடியாது. அது அவர்கள் முறை, அவர்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. அவர்களை அந்தப் பாட்டியோடு சேர்த்து வைத்திருப்பது வீட்டுப் பெயர்தான்.

அந்தப் பாட்டியின் முன்னோர் தலைமுறைகள் பட்டதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1942-ல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்கு ஓடினார்கள், பெரும்பாலானவர்கள் காட்டையும் மலையையும் நடந்தே கடந்தார்கள். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு இன்னும் பல குடும்பங்கள் கப்பலேறின. அடுத்த ஓரிரு வருடத்தில் தனியார் பள்ளிகளும் அரசிடம் போயின. அதன் பிறகு தமிழுக்குக் கோயில் வகுப்பும் வீடும்தான் மிச்சம். அத்தனைக்கும் நடுவில் இந்த மண்ணிலேயே நின்றவர்களின் வழியில் வந்தவர் உங்கள் மாமியார். அவர் பேத்திக்குக் கொடுத்தது ஒரே ஒரு பெயர். அதைக்கூட வீட்டுக்குள் காப்பாற்றவில்லை என்றால் வேறு எங்கே காப்பாற்றப் போகிறோம்?

சரி, பெயர்கள். பத்து வேண்டாம், நாலு போதும்.

விஜயன், அர்ச்சுனனுடைய பெயர்களில் ஒன்று. வாகைச்செல்வன், அந்தக் காலத்தில் போரில் வென்றவர்கள் சூடிய வாகைப்பூவை வைத்து வந்தது. புதிதாக வேண்டும் என்று கேட்டதற்கு இது பொருந்தும். அபராஜிதன், யாராலும் தோற்கடிக்க முடியாதவன். அந்தப் பெயர் கொண்ட பல்லவ மன்னன் ஆதித்த சோழனிடம் தோற்று நாட்டையே இழந்தான், அதனால் பொருளை ரொம்ப நம்பிப் பெயர் வைக்காதீர்கள். நாலாவது வெற்றிவேல். நான் சொல்வது இதைத்தான். வ-வில் தொடங்குவதால் புதன்கிழமைக்கும் ஒத்துப்போகிறது. காவடி எடுக்கிற அன்று ‘வேல் வேல் வெற்றிவேல்’ என்று ஊரே சொல்கிற பெயர். பழசாகத் தெரிகிறது என்கிறீர்கள். பாட்டி வைக்கிற பெயர் பழசாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

ஆனால் தொட்டில் கட்ட அவசரப்படாதீர்கள். இன்றிலிருந்து நீங்களும் கணவரும் மகளை ஜெயந்தி என்றே கூப்பிடுங்கள், வீட்டில் மட்டும். முதலில் முகத்தைச் சுளிப்பாள். ‘பள்ளிப் பெயரும் உன்னுடையதுதான், அதை யாரும் பிடுங்கவில்லை’ என்று எடுத்துச் சொல்லுங்கள். பாட்டி கூப்பிட்டு அவள் திரும்பவில்லை என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்துங்கள். பாட்டியின் ஒரு குரலுக்கு அவள் தானாக எழுந்து போக ஆரம்பித்த பிறகு நாள் பாருங்கள். ஒரு மாதம் தள்ளிப்போனாலும் மகனுக்கு ஒன்றும் ஆகிவிடாது, பதிவுக்குத்தான் வின் ஆங் இருக்கிறதே.