குவாத்தமாலாவில் முதுகுப்பைப் பயணம்: கேள்விகளும் பதில்களும்

குவாத்தமாலாவுக்கு முதுகுப்பையோடு மூன்று முறை சென்று வந்தவன் என்ற முறையில் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல ஒப்புக்கொண்டேன். எரிமலைகள், ஏரிகள், மாயா நகரங்கள் பற்றி எதையும் கேட்கலாம். விமானக் கட்டணம் பற்றி மட்டும் கேட்க வேண்டாம்.

கேள்வி: மூன்று வாரம் இருந்தால் எப்படிப் பிரித்துக்கொள்வது?

தலைநகரில் இறங்கிய அன்றே ஆன்டிகுவாவுக்குப் போய்விடுங்கள். 1773ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்த பழைய தலைநகர் அது. அங்கே ஐந்து நாள், அத்தித்லான் ஏரிக்கரையில் ஒரு வாரம், மீதி நாள்களை வடக்கே, திக்கால் என்னும் பழைய மாயா நகரம் இருக்கும் பெத்தேன் காட்டுப்பகுதிக்கு ஒதுக்கலாம். பெத்தேனுக்குச் செல்லும் இரவுப் பேருந்தைத் தவிர்த்து, தலைநகரிலிருந்து ஃப்ளோரெஸ் வரை விமானத்தில் போவதே நல்லது. பொழுது சாய்ந்த பிறகு சாலையில் இருக்க வேண்டாம்.

கேள்வி: இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா வேண்டுமா?

விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. புது தில்லியிலுள்ள குவாத்தமாலா தூதரகத்தைக் கேளுங்கள். அமெரிக்கா வழியாக விமானம் மாறுவதாக இருந்தால், நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா தேவை.

கேள்வி: அகாத்தெனாங்கோ மலையேற்றம் கடினமா? ஃபுவேகோ எரிமலையின் அருகிலும் போகலாம் என்கிறார்களே?

அகாத்தெனாங்கோவின் உயரம் 3,976 மீட்டர். மலையடிவாரத்துச் சிற்றூரில் தொடங்கும் பாதை முதலில் சோளக்கொல்லை வழியாகவும், பிறகு ஈர வனத்தின் ஊடாகவும், கடைசியில் கரிய எரிமலைச் சரளையின் மீதும் செல்கிறது. அந்தச் சரளையில் இரண்டு அடி வைத்தால் ஓரடி சறுக்கும். இரவு தங்கும் முகாம் ஏறத்தாழ 3,600 மீட்டரில் இருக்கிறது, எதிரே ஃபுவேகோ. இருட்டில் முதலில் அதன் உச்சி சிவக்கும், தீக்கட்டிகள் சரிவில் உருளுவது தெரியும். நாம் அதைப் பார்த்து வாயைத் திறந்த பிறகு, சில நொடி கழித்து, அந்த ஓசை வந்து கூடாரத் துணியை அதிர வைக்கும். ஃபுவேகோ சில காலம் அடங்கியும் கிடக்கும் என்பதால், இந்தக் காட்சிக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

முகாமிலிருந்து ஃபுவேகோவின் முகடு வரை கூட்டிப்போவதாகக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். நான் போகவில்லை, போகச் சொல்லவும் மாட்டேன். 2018ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி அதே எரிமலையிலிருந்து இறங்கிய கொதிசாம்பல் பெருக்கு சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் என்னும் ஊரையே புதைத்துவிட்டது. நாட்டின் எரிமலை கண்காணிப்பு நிறுவனமான இன்சிவுமே வெளியிடும் அறிக்கையைப் புறப்படும் முன் படியுங்கள்.

எரிமலையை விடவும் குளிருக்கு அஞ்சுங்கள். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் இந்த மலையில் குளிர் தாங்காமல் ஆறு பேர் இறந்தார்கள். அவர்கள் அனைவரும் அந்நாட்டினரே.

கேள்வி: வெப்பமண்டல நாடுதானே, ஒரு ஸ்வெட்டர் போதாதா?

போதாது. மேலே உள்ள பதிலின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். கம்பளித் தொப்பி, கையுறை, காற்றுப் புகாத மேலங்கி, மாற்றிக்கொள்ள ஒரு காய்ந்த சட்டை ஆகியவை வேண்டும்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும், ஆனால் கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும். கறுப்பு பீன்ஸ், வறுத்த வாழைப்பழம், அவகாடோ, சுடச்சுட மக்காச்சோள ரொட்டியான தோர்த்தியா ஆகியவை சந்தைக் கடைகளிலேயே கிடைக்கும். பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் வதக்கியிருக்கலாம். "சின் மந்தேகா" என்றால் கொழுப்பு வேண்டாம் என்று பொருள். "கார்னே" என்ற சொல் பலருக்கு மாட்டிறைச்சியையே குறிப்பதால், கோழியையும் பெயர் சொல்லியே மறுக்க வேண்டும்.

தோர்த்தியாவைப் பற்றி ஒரு சொல். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் நீக்கி அரைக்கிறார்கள். அவ்வாறு செய்தால்தான் சோளத்தில் கட்டுண்டிருக்கும் நியாசின் என்னும் வைட்டமின் உடலில் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துச் சென்றார்கள், இந்தச் செய்முறையை விட்டுச் சென்றார்கள். அதனால் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடையே பெலாக்ரா நோய் பரவியது.

கேள்வி: அத்தித்லான் ஏரியில் படகுப் பயணம் பாதுகாப்பானதா?

காலையில் பாதுகாப்பானது. பழம்பெரும் எரிமலை ஒன்று வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் தேங்கிய நீர் அது. ஆழம் 300 மீட்டருக்கு மேல், மூன்று எரிமலைகள் கரையில் நிற்கின்றன. நண்பகலுக்குப் பிறகு ஷொகொமில் என்ற காற்று எழும். ஏரிக்கரை ஊரான பனாஹசெலிலிருந்து புறப்படும் சிறு படகின் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு ஒவ்வோர் அலையும் முதுகெலும்பில் ஓர் அடி. ஏரிக்கு மேற்பரப்பில் வடிகால் இல்லாததால் உள்ளே சேரும் கழிவு வெளியேறுவதில்லை. 2009இல் நச்சுப்பாசி நீர்ப்பரப்பின் கணிசமான பகுதியை மூடியது. குளிப்பதற்கு முன் உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: மாயா மக்கள் நம் மாமுனி மயனின் வழிவந்தவர்கள் என்பதைத் தாங்கள் ஏன் குறிப்பிடவில்லை? திக்கால் கோபுரம் நம் கோயில் விமானம் போலவே இருக்கிறதே.

உண்மையல்ல என்பதால் குறிப்பிடவில்லை. "மாயா" என்பது மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் வழங்கிய பெயர். அதை ஸ்பானியர்களும் பின்னர் ஆய்வாளர்களும் எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். குவாத்தமாலாவில் இருப்பவர்கள் தங்களைக் கிச்செ, கக்சிகெல், சுத்துஹில் என்றே சொல்லிக்கொள்வார்கள். கிச்செ மொழியில் ஒன்று முதல் ஐந்து வரை ஹுன், கெப், ஓஷிப், கஹிப், ஹோப். இதில் எந்தச் சொல்லைத் தமிழோடு பொருத்துவீர்கள்?

கோபுரத்துக்கு வருகிறேன். திக்காலின் முதல் கோயில் 47 மீட்டர் உயரம். 682இல் அரியணை ஏறிய ஹசாவ் சன் கவீல் என்ற மன்னனின் கல்லறை அதன் அடியில் இருந்தது. அது எழுந்த 8ஆம் நூற்றாண்டில்தான் பல்லவர்கள் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கட்டினார்கள். ஒருபுறம் இரும்பு உளி கருங்கல்லைச் செதுக்கியது. மறுபுறம் உலோகக் கருவியே இல்லாமல், கல் கருவிகளால் சுண்ணாம்புக்கல்லை வெட்டி, உள்ளே சல்லியும் மண்ணும் நிரப்பினார்கள். கீழே அகன்று மேலே குறுகுவது உயரமாகக் கட்ட நினைத்த எல்லா இனத்தாரும் கண்டுகொண்ட வடிவம்.

அதே வாசகர்: அங்கே "தமால்" என்றொரு உணவு இருக்கிறது. இதுவும் தற்செயலா?

ஆம். அது மெக்சிகோவின் நவாத்தில் மொழிச் சொல்லான "தமாலி"யிலிருந்து வந்தது. மாயா மொழிச் சொல்கூட அன்று. உறவுதான் வேண்டுமென்றால் உண்மையான ஒன்றைத் தருகிறேன். திக்கால் கோயில்களின் வாசல் உத்தரங்கள் சப்போட்டா மரத்தால் ஆனவை. ஆயிரம் ஆண்டு ஈரக் காட்டிலும் உளுத்துப் போகாத மரம் அது. அந்த மரமும் பழமும் பெயரும் அங்கிருந்து நமக்கு வந்தவை. நான்காம் கோயிலின் செதுக்கு உத்தரங்கள் இப்போது சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

வேறொருவர்: மாயா இனமே அழிந்துவிட்ட பிறகு, இதை யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்?

அழியவில்லை. இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு எழுதினேன். 9ஆம் நூற்றாண்டில் திக்கால் போன்ற நகரங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன, மக்கள் இருந்தார்கள். நீங்கள் விடுதி எடுக்கப்போகும் ஃப்ளோரெஸ் தீவில்தான் இட்சா மாயாக்களின் கடைசித் தலைநகர் இருந்தது. ஸ்பானியர்களிடம் அது 1697இல்தான் வீழ்ந்தது. இன்றும் குவாத்தமாலாவில் 22 மாயா மொழிகள் பேசப்படுகின்றன. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் இரண்டு லட்சத்துக்கு மேல் என்றும், அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள் என்றும் உண்மை ஆணையம் 1999இல் பதிவுசெய்தது. இத்தனைக்கும் பிறகு தங்கள் மொழியைப் பேசிக்கொண்டு எதிரே நிற்கும் ஒருவரிடம், "உங்கள் பாட்டன் கட்டியதை எங்கள் ஊர் முனிவர்தான் கட்டினார்" என்று நம்மால் சொல்ல முடியுமா?

மயன் பற்றி மேலும் நான்கு கேள்விகள் வந்துள்ளன. பதில் மேலே இருக்கிறது.

கேள்வி: திக்காலுக்கு ஒரு நாள் போதுமா? எல் மிராதோர்?

திக்காலுக்கு ஒரு முழு நாளும், முடிந்தால் பூங்காவுக்குள் ஓர் இரவும் வேண்டும். விடியற்காலையில் ஊளைக்குரங்குகள் கத்துவதை முதல் முறை கேட்பவர் புலி என்றே நினைப்பார். காட்டுக்குள் இருக்கும் இன்னொரு மாயா நகரமான எல் மிராதோருக்கு, கார்மெலிதா என்ற சிற்றூரிலிருந்து நடந்து போய்த் திரும்ப ஐந்து நாள் ஆகும். மழைக்காலத்தில் முழங்கால் வரை சேறு.

கேள்வி: விசா வேண்டுமா? ஸ்பானிஷ் தெரியாமல் சமாளிக்கலாமா?

முதல் கேள்விக்கு: தூதரகம். இரண்டாவதற்கு: சமாளிக்கலாம், ஆனால் ஆன்டிகுவாவிலும் அத்தித்லான் ஏரிக்கரையிலுள்ள சான் பெத்ரோவிலும் ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர் என்ற முறையில் குறைந்த செலவில் கற்றுத் தருகிறார்கள், ஒரு வாரம் படித்தால் பேருந்தில் பேரம் பேசலாம். பனாஹசெல் சந்தையில் துணி விற்கும் பெண்ணுக்கும் ஸ்பானிஷ் இரண்டாம் மொழிதான். வாங்கிய பிறகு கக்சிகெல் மொழியில் "மத்யோஷ்" என்று நன்றி சொல்லுங்கள். பேரத்தை மட்டும் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு முன் விடுதிக்குத் திரும்புங்கள்.