தொட்டிக்குக் கடற்கரைக் கல் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ராமநாதபுரம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த வெள்ளைப் பவளக் கற்களை ஒரு பை நிறைய அள்ளி வந்திருக்கிறேன். உயிரில்லாத கல்தானே, கொதிக்கவைத்து உப்புநீர் மீன் தொட்டியில் போடலாமா? – வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். முதலில் கொதிக்கவைக்காதீர்கள். கல்லில் பவளத்துக்கு உறவான சோவாந்திட் வகைக் கடலுயிர் ஒட்டியிருந்தால், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு மூச்சில் ஏறும். கல் பவளம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த கல் என்றாலும் சட்டம் விடாது. வனச்சரக அலுவலகத்தில் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

கடலுக்கும் அது குப்பையல்ல. பவளக் குஞ்சு ஒட்டி வளரக் கெட்டியான தளம் வேண்டும். அதைத் தருவது பழைய கல்தான். தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டியெடுத்தார்கள். அலையைத் தடுக்கும் அரண் போனது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில்.

தொட்டிக்கு வேண்டிய கல்லை வீட்டிலேயே வார்க்கலாம். ஒரு பங்கு வெறும் போர்ட்லண்ட் சிமென்ட், இரண்டு பங்கு கோழித்தீவனக் கடைக் கிளிஞ்சல் நொறுக்கு, இரண்டு பங்கு கல்லுப்பு. தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்துக் கொழுக்கட்டை மாவுப் பதத்தில் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்து அதில் வார்த்துவிடுங்கள். இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். உப்பு கரைந்து போன துளைகளில்தான் பின்னால் பாக்டீரியா குடியேறும்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது ஊறவைப்பதில். சிமென்டின் சுண்ணாம்பு தண்ணீரின் பி.எச். அளவை, அதாவது காரத்தன்மையை, 11, 12 வரை ஏற்றும். வாரம் இருமுறை நீரை மாற்றினாலும் நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகும். வினிகரில் ஊறவைக்கும் குறுக்குவழி மேல்தோலோடு சரி. உள்ளிருந்து சுண்ணாம்பு மறுபடி கசியும். புதுத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தபின்னும் பி.எச். 8.5-க்குள் நின்றால் மட்டும் தொட்டிக்குள் இறக்குங்கள்.

கேள்வி: கடையில் 'நீமோ' என்கிற கோமாளி மீன் வாங்குகிறேன். பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, கோவை

பதில்: கடைக்காரரை உங்கள் கண்ணெதிரே குருணைத் தீவனம் போடச் சொல்லுங்கள். பண்ணை மீன் பாய்ந்து தின்னும். பிடித்த மீன் பல நாள் முரண்டு பிடிக்கும். வெள்ளைப் பட்டை பாதியில் அறுந்திருந்தால் அது பெரும்பாலும் பண்ணைக் குஞ்சு. குறை என்று ஒதுக்காதீர்கள். உடம்பில் வெண்சளி படிந்து, வேகமாக மூச்சு வாங்கினால் வாங்கவே வேண்டாம். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் வித்தை ராமேசுவரம் அருகே உள்ள மண்டபம் ஊர் வரை வந்தாயிற்று. கடலில் வலை வீச வேண்டிய அவசியமில்லை. மீன் தங்குவதற்குக் கடல் சாமந்தி என்ற பூப்போன்ற உயிரும் தேவையில்லை, ஒரு மண்சட்டி போதும்.

கேள்வி: மீன் தொட்டியை இனி வைத்துக்கொள்ளப் போவதில்லை. மீனையும் பாசியையும் கடலில் விட்டுவிடலாமா? – வாசகர், சென்னை

பதில்: கூடவே கூடாது. 1984-ல் மொனாக்கோ அருகே கடலில் கண்ட காலர்ப்பா என்ற தொட்டிப் பாசி, பிறகு மத்தியதரைக் கடலோரம் பல இடங்களில் பரவியது. மீனை வேறு தொட்டிக்காரரிடம் கொடுங்கள். பாசியை நன்றாக வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். செடிக்கு ஊற்றினால் உப்பில் கருகிவிடும்.