கானாவில் நேரடியாக முந்திரிக் கொட்டை வாங்கலாமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் சிறிய முந்திரி ஆலை நடத்துகிறேன். இதுவரை தூத்துக்குடி இறக்குமதியாளர்களிடம்தான் கொட்டை வாங்கினேன். கானாவிலிருந்து நேரடியாக எடுத்தால் விலை குறையும் என்கிறார்கள். அங்குள்ள ஏஜென்ட் பாதித் தொகையை அட்வான்ஸாகக் கேட்கிறார். அந்தப் பக்கமெல்லாம் ராணுவ ஆட்சி என்று செய்தி வருகிறதே, பணம் அனுப்பலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் பாதித் தொகையை அட்வான்ஸாக அனுப்பாதீர்கள். அதற்குக் காரணம் ராணுவம் இல்லை.

நீங்கள் கேள்விப்பட்டது மாலி, புர்கினா பாசோ, நைஜர் பற்றிய செய்தியாக இருக்கும். இவற்றில் புர்கினா பாசோ கானாவுக்கு நேர் வடக்கே இருக்கிறது. 2022-ல் மட்டும் அங்கே இரண்டு முறை ஆட்சி கவிழ்ந்தது. கானாவும் 1966 முதல் 1981 வரை அடுத்தடுத்து ராணுவப் புரட்சிகளைப் பார்த்த நாடுதான். 1992 அரசியல் சட்டத்துக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. 2008 தேர்தலில் வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. ஆளுங்கட்சி தோற்றது, பதவியை ஒப்படைத்தது. 2012 முடிவை எதிர்த்த வழக்கை நாடே தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்தது. தீர்ப்பு பிடிக்காவிட்டாலும் ஏற்கிறேன் என்றார் தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர் அகுஃபோ-அட்டோ. 2016-ல் அவரே ஜனாதிபதி ஆனார். 2024 டிசம்பரில் ஓட்டுப்பதிவுக்கு மறுநாளே, அதிகாரபூர்வ முடிவு வரும் முன்பே, துணை ஜனாதிபதி பாவுமியா தோல்வியை ஒப்புக்கொண்டு எதிர்க்கட்சி வேட்பாளர் மகாமாவை வாழ்த்தினார். இதை நான் பெரிய விஷயமாக மதிக்கிறேன். வடகிழக்கில் பாவ்கு என்ற ஊரில் தலைமைப் பதவி குறித்து நீண்டநாள் மோதல் இருப்பது உண்மை. முந்திரி விளையும் போனோ பகுதி அங்கிருந்து வெகு தூரம்.

சரி, அப்படியென்றால் பயம் எதில்? பணத்தில். ஆட்சி அமைதியாக மாறுகிறது, ஆனால் எந்தக் கட்சி வந்தாலும் கடன் வாங்கிச் செலவு செய்வது நிற்கவில்லை. 2022 டிசம்பரில் கானா வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்குத் தவணை கட்டுவதை நிறுத்தியது. அந்த மாதம் பணவீக்கம் 54 சதவீதம். அடுத்த ஆண்டு ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) 300 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. 2022 தொடக்கத்தில் டாலருக்கு 6 சீடி என்றிருந்த கானா நாணயம் அந்த ஆண்டிலேயே 14-ஐத் தாண்டிச் சரிந்தது. 2025-ல் இதற்கு நேர்மாறு: ஆண்டுத் தொடக்கத்தில் 15 அளவில் இருந்தது, சில மாதங்களில் 10 பக்கம் வந்து நின்றது.

உங்களுக்கு அடி விழும் இடம் இதுதான். நீங்கள் ஒப்பந்தம் போடுவது டாலரில். ஏஜென்ட் விவசாயிக்குக் கொடுப்பது சீடியில். நடுவில் சீடி வலுத்தால், உங்கள் டாலரை மாற்றினால் அவருக்குக் குறைந்த சீடிதான் கிடைக்கும், பேசிய விலைக்குள் அவரால் கொட்டை எடுக்க முடியாது. நேர்மையானவர்கூட அப்போது தரம் குறைந்த சரக்கைக் கலப்பார், அல்லது போனை எடுக்கமாட்டார். உள்ளூர் வங்கியில் கடன் வாங்கிச் சமாளிக்கலாமே என்றால், 2023-ல் மத்திய வங்கியின் அடிப்படை வட்டியே 30 சதவீதம் வரை போனது. அதனால்தான் அவருக்கு உங்கள் அட்வான்ஸ் தேவைப்படுகிறது. அவருடைய முதலீட்டுச் சுமை உங்கள் தலைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், விதிகள் திடீரென மாறும். 2016-ல் கொட்டை ஏற்றுமதிக்குத் தடை என்று அறிவித்து, கொஞ்ச நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். இப்போது மரப்பயிர் வளர்ச்சி ஆணையம் விவசாயிக்கான குறைந்தபட்ச விலையை சீடியில் அறிவிக்கிறது. ஏஜென்ட் சொல்லும் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அங்கேயே கம்பெனி தொடங்கும் எண்ணம் இருந்தால் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கி விற்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலர் முதலீடும் 20 கானா ஊழியர்களும் வேண்டும். அதைத் திருத்தும் பேச்சு இருக்கிறது. இறங்கும் முன் ஒரு கானா வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சீசனில் ஒன்றிரண்டு கன்டெய்னர் போதும். டெமா துறைமுகத்தில் ஏற்றும் விலைக்குப் பேசி, எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் மட்டும் வங்கி பணம் தரும் கடன் உறுதிக் கடிதம்) மூலம் பணம் கொடுங்கள். நீங்கள் நியமிக்கும் ஆய்வு நிறுவனம் ஏற்றுமதிக்கு முன் அவுட்டர்னும் (ஒரு மூட்டைக் கொட்டையில் கிடைக்கும் நல்ல பருப்பின் அளவு) ஈரப்பதமும் பார்த்துத் தரும் சான்றிதழ் இருந்தால்தான் எல்.சி. பணம் கிடைக்கும் என்று எழுதுங்கள். 80 கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு என்று பேசினால், அதற்குக் கீழே ஒவ்வொரு பவுண்டுக்கும் விலையில் எவ்வளவு குறைப்பு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பு என்று ஒரு வரி சேருங்கள். கானா நீதிமன்றங்கள் மோசமில்லை, ஆனால் வழக்கு இழுக்கும். அதற்குள் உங்கள் சீசன் போய்விடும். ஏஜென்ட் அட்வான்ஸில் பிடிவாதமாக நின்றால் 10 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள், அதுவும் வங்கி உத்தரவாதம் வாங்கிக்கொண்டு.

அறுவடை பிப்ரவரியில் சூடுபிடிக்கும். ஜனவரி கடைசியிலிருந்தே வாராவாரம் சீடி மதிப்பைக் குறித்து வாருங்கள். ஒரு மாதத்தில் சீடி 10 சதவீதம் வலுத்தால், புது ஆர்டர் போடாமல் காத்திருங்கள்.