பாதித் தவமும் அரைப் பேரும்

கேள்வி: தவக்காலம் முழுவதும் ஒருசந்தி (நாளுக்கு ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு) இருக்கத் தொடங்கினேன். மூன்றாம் வாரம் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது மயங்கி விழுந்ததால் விட்டுவிட்டேன். பாதித் தவத்துக்குப் பலன் உண்டா?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: கத்தோலிக்கத் திருச்சபை ஒருசந்தியைக் கட்டாயமாக்கியிருப்பது விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய 2 நாட்களுக்கு மட்டுமே. நோயுற்றவர்களை அதுவும் கட்டாது. சாப்பிடுங்கள், சகோதரி.

என்னை உறுத்துவது உங்கள் 'பாதி'. அது வேதத்தில் வந்த சொல் அல்ல, கொழுந்து நிறுக்கும் தராசடியில் வந்த சொல். கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம். நனைந்த கொழுந்து என்று ஒரு கழிவு, சாக்குக்கென்று இன்னொரு கழிவு. முள் ஆடி நிற்பதற்குள் கணக்கு எழுதப்பட்டுவிடும். கறை ஏறிக் கறுத்த விரல்களால் கூடைக் கயிற்றைச் சுருட்டியபடி, வாய் திறக்காமல் நிற்பார் என் அம்மா. தராசைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். இனியும் எழுதுவேன்.

அந்தத் தராசைக் கடவுளின் கையிலும் கொடுத்துவிட்டோமே என்பதுதான் என் வேதனை. மத்தேயு 20ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அதுவும் தோட்டம்தான், திராட்சைத் தோட்டம். மாலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தவனுக்கும் ஒரு தெனாரியம், அதாவது முழுப் பேர். விடியற்காலையில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தோட்டத்துச் சொந்தக்காரர் அசையவில்லை.

'பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன்' என்ற ஓசேயாவின் வாக்கை மத்தேயுவில் இயேசு இருமுறை எடுத்துச் சொல்கிறார். இரண்டாம் முறை யாருக்காகத் தெரியுமா? பசி தாங்காமல் ஓய்வுநாளில் கதிர் கொய்து தின்ற சீடர்களுக்காக.

சிலுவைப்பாதைக்கு வராதவர்களின் பெயர்களை ஆலயத்தில் வாசிக்க வேண்டும் என்று சென்ற ஆண்டு எழுதிய அன்பர் இதையும் படிப்பார். அவருக்கு மீண்டும் சொல்கிறேன்: பேர் வாசிக்கும் இடம், காலையில் தொழிலாளர்கள் வேலைக்குத் திரளும் பிரட்டுக்களம். ஆலயம் அல்ல.

சகோதரி, நீங்கள் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். மயங்கி விழுந்த அன்று உங்களுக்கு விழுந்தது முழுப் பேரா, அரைப் பேரா? அடுத்த நிரையில் நின்றவர் தம் கொழுந்தில் நாலு கைப்பிடி அள்ளி உங்கள் கூடையில் போட்டாரா? போட்டிருந்தால் அவருடைய தவக்காலத்தைப் பற்றி எழுதி அனுப்புங்கள். முதல் பக்கத்தில் போடுகிறேன்.