ஹெட்செட்டா, பொம்மையா? மருத்துவ சிமுலேஷன் பயிற்சி: கேள்வி பதில்

தஞ்சாவூரில் மயக்க மருந்து மருத்துவராக இருக்கிறேன். நோயாளியிடம் போகும் முன் செய்து பழகும் ஸ்கில் லேபில் மாணவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பயிற்சியும் கொடுக்கிறேன். கண்ணில் மாட்டினால் நிஜம் போன்ற உலகத்தைக் காட்டும் வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட், திரை நோயாளி, பொம்மை நோயாளி பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

திருவாரூர் எம்.பி.பி.எஸ். மாணவர்: மேடம், வி.ஆர். வந்துவிட்டால் டிஸெக்‌ஷன் ஹால் தேவைப்படாதா?

உடலை அறுத்துப் படிக்கும் அந்த ஹால் தேவைப்படும், தம்பி. கல்லீரலுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வி.ஆர். அருமை. திசுவை விலக்கும்போது விரலுக்குத் தெரிவது அதில் வராது. இரண்டு உடல்கள் ஒரே மாதிரி இருக்காது என்பதும் மேசையில்தான் புரியும்.

கும்பகோணம் சர்ஜரி பி.ஜி.: சிமுலேட்டரில் பழகினால் ஆபரேஷன் தியேட்டரில் கை ஓடுமா? சீனியர்கள் ‘வீடியோ கேம்’ என்று சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். 2002-ல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், பயிற்சி சர்ஜன்கள் 16 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) சிமுலேட்டரில் பழக்கினார்கள். அப்புறம் எல்லோரும் நோயாளிகளுக்குப் பித்தப்பை அறுவை செய்தார்கள். பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாகப் பிரித்தெடுத்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ பக்கத்துத் திசுவை மின்கருவியால் சுட்டுவிடவோ வாய்ப்பு 5 மடங்கு கூடுதலாக இருந்தது. வீடியோ பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு யார் எந்தப் பாதி என்று தெரியாது.

16 பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனால் எனக்கு அதில் பிடித்தது வேறு. திரையில் பித்தப்பையே கிடையாது, வெறும் உருண்டைகளைப் பிடித்து மின்கருவியால் சுடும் பயிற்சி. இத்தனை மணி நேரம் என்று கணக்கும் வைக்கவில்லை. கைதேர்ந்த சர்ஜன்களின் அளவை எட்டும்வரை விடவில்லை. வருகைப் பதிவுக்காக அரை மணி நேரம் தட்டிவிட்டு வருகிறீர்கள் என்றால் சீனியர் சொல்வது சரிதான்.

வேதாரண்யம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்: எங்களுக்கெல்லாம் ஹெட்செட் எங்கே வரப்போகிறது?

வராவிட்டால் போகட்டும், சிஸ்டர். உங்களுக்கு முதலில் வேண்டியது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குக்கான ஒத்திகை. மாமாநடாலி என்று ஒரு கருவி இருக்கிறது. பயிற்சி கொடுப்பவரே அதை வயிற்றில் கட்டிக்கொண்டு தாயாக நடிப்பார். கருப்பையை இறுக்குவதும் தளர்த்துவதும், சிவப்புத் தண்ணீரைத் திறந்துவிடுவதும் அவர் கையில். வயிற்றைத் தேய்ப்பது யார், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடாசின் மருந்தை எடுக்க ஓடியது யார், 108-க்குப் பேசியது யார், பயந்துபோன தாயிடம் யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா, எல்லாம் படுத்திருக்கும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அதுவும் இல்லையா, சரி. 500 மில்லி சிவப்புச் சாயத் தண்ணீரை அளந்து, பழைய சேலையிலும் தரையிலும் ஊற்றுங்கள். எவ்வளவு இருக்கும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதட்டும். பெரும்பாலும் குறைத்துத்தான் எழுதுவார்கள். பிரசவ அறையிலும் அப்படித்தான் குறைவாக எண்ணிக்கொண்டு நேரத்தை விட்டுவிடுகிறோம். உங்கள் ஊரிலிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேரவே ஒரு மணி நேரமாவது ஆகும்.

ஒத்திகை முடிந்ததும் உட்கார்ந்து பேசுங்கள். பத்து நிமிட ஒத்திகைக்கு இருபது நிமிடப் பேச்சு வேண்டும். ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். ‘அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது?’ என்று கேளுங்கள். லட்சக்கணக்கில் செலவழித்த லேபிலும் இந்தப் பேச்சை விட்டுவிட்டால் பாதிப் பயிற்சி போச்சு.

தஞ்சாவூர் ஹவுஸ் சர்ஜன்: மென்பொருளில் வரும் கேஸ்கள் வேறு, எங்கள் கேசுவால்டிக்கு வரும் கேஸ்கள் வேறாக இருக்கின்றனவே?

என் குறையும் அதுதான். மென்பொருள் செய்பவர்கள் நெஞ்சுவலி, கார் விபத்து என்று எடுத்து வருகிறார்கள். கட்டுவிரியன் பாம்பு கடித்த கேஸை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். தரையில் படுத்திருந்தவர், கடித்த தடம் தெரியவில்லை, விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருகிறார், போகப்போக இமை சரிகிறது. எங்கள் பிளாஸ்டிக் பொம்மைக்கு இமை அப்படிச் சரியாது. திரை நோயாளிக்குச் சரியும். இந்த இடத்தில் வி.ஆர். பக்கம்தான் நான்.

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து கேஸில் பழக வேண்டியது வேறு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரோபின் என்ற முறிவு மருந்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், நெஞ்சில் நீர்ச்சத்தம் அடங்கி, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறியதும் சொட்டுக்கு மாற்ற வேண்டும். கண்மணியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பவர் ஏமாறுவார். இதைப் பழக எந்தத் திரையும் போதும்.

மயிலாடுதுறை இல்லத்தரசி: நோயாளிக்கு நேரடிப் பயன் உண்டா?

உண்டும்மா. தீக்காயக் கட்டு மாற்றும்போது நோயாளியைத் திரைப் பனி உலகத்தில் விளையாடவிட்டு வலியைக் குறைக்கும் முறை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான ஒரு வி.ஆர். சிகிச்சைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-ல் அனுமதி கொடுத்தது. மற்ற சிகிச்சையோடு சேர்த்துத்தான்.

திருவையாறு பள்ளி ஆசிரியர்: இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுக்கும் சி.பி.ஆர். முதலுதவியை ஊர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஹெட்செட் வாங்கலாமா?

வேண்டாம் சார். நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் 1960-ல் கொண்டுவந்த மாதிரியான சி.பி.ஆர். பொம்மைதான் இன்றைக்கும் சரி. 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம்: இது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் பழக வேண்டும். உங்கள் ஊரில் காவிரி ஓடுகிறது. நீரில் மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது, மூச்சும் கொடுத்தாக வேண்டும். வாங்கும்போது வாய் வழியாக ஊதினால் மார்பு எழும்பும் பொம்மையா என்று கடையிலேயே ஊதிப் பார்த்து வாங்குங்கள்.