பட்டாளத்திலிருந்து சட்டமன்றத்துக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ராணுவத்தில் கர்னலாக இருக்கும் என் அண்ணன் சில மாதங்களில் ஓய்வு பெறுகிறார். சட்டமன்றத் தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறார். இப்போதே கட்சியில் சேரலாமா? என்ன தயார் செய்ய வேண்டும்?
– வாசகி, வேலூர்

பதில்: ஓய்வு நாள் வரை கட்சி வாசலைக்கூட மிதிக்க வேண்டாம். 1954 ராணுவ விதிகளின் 20-ஆவது விதிப்படி, பணியில் இருப்பவர் கட்சியில் சேரக்கூடாது, நிதி தரக்கூடாது, கட்சிக் கூட்டத்துக்குப் போகக்கூடாது. 'வருங்கால வேட்பாளர்' என்று பிறர் தன்னை அறிவிக்க விடுவதும் தவறுதான். ஊர் நண்பர்கள் அன்பில் ஒட்டும் சுவரொட்டி அவருக்கே வினையாகும், இப்போதே சொல்லித் தடுத்துவிடுங்கள்.

ஓய்வுக்குப் பின் இத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஓய்வு பெற்றதும் முதல் வேலை வாக்காளர் பட்டியல். இப்போது அவர் பெயர் படைவீரர் வாக்காளராக, அதாவது பணியில் இருக்கும் ராணுவத்தினருக்கான தனிப் பட்டியலில், பதிவாகியிருக்கும். ஓய்வோடு அந்தத் தகுதி போய்விடும். உடனே படிவம் 6 கொடுத்துப் பொது வாக்காளராகச் சேர வேண்டும். உடன் வசிக்கும் மனைவியின் பெயரும் படைவீரர் பட்டியலில் இருந்தால் அதையும் மாற்றுங்கள். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பின் பட்டியலில் கை வைக்க முடியாது. ஆட்சேபணைக்கு 7 நாள் விட வேண்டியிருப்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை.

ராணுவத்தினர் அதிகம் தடுமாறுவது, வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில். கடந்த 10 ஆண்டுகளில் அரசுக் குடியிருப்பில் வசித்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி நான்குக்கும் பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். இடமாற்றத்திலேயே காலம் கழித்தவருக்கு இது நாலைந்து ஊர்க் கணக்கு. ஒவ்வொரு குடியிருப்பையும் காலி செய்தபோது தந்த ரசீதுகளை இன்றே தேடி எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல் 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுத வேண்டும். தேர்தல் அதிகாரி சுட்டிக்காட்டியும் நிரப்பாவிட்டால் மனு தள்ளுபடியாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது.

வைப்புத்தொகை 10,000 ரூபாய். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர்.

கேள்வி: ராணுவ ஓய்வூதியம் 'ஆதாயம் தரும் பதவி' ஆகுமா?
– வாசகர், தேனி

பதில்: ஆகாது. 'ஆதாயம் தரும் பதவி' என்பது அரசின் கீழ் சம்பளம் போன்ற ஆதாயத்துடன் வகிக்கும் பதவி. அதில் இருப்பவர் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர். ஓய்வூதியமோ செய்து முடித்த பணிக்கான ஊதியம். ஓய்வுக்குப் பின் சம்பளத்துடன் ஏற்ற அரசுப் பதவிதான் சிக்கல். மனுப் பரிசீலனைக்கு முன்பே ராஜினாமா ஏற்கப்பட்டு விடுவிப்பு ஆணை கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: இப்படி ராணுவத்திலிருந்து வந்து முதல்வரானவர் உண்டா?
– வாசகர், கடலூர்

பதில்: உத்தராகண்டின் மேஜர் ஜெனரல் பி.சி.கண்டூரி. ராணுவப் பொறியாளர் படையிலிருந்து வந்தவர். 2007-இல் முதல்வரானபோது அவர் மக்களவை உறுப்பினர். அரசியல் சட்டம் தரும் 6 மாத அவகாசத்துக்குள் சட்டமன்றம் புகத் துமாகோட் தொகுதியில் நின்று வென்றார். அதை அவருக்காக விட்டுக்கொடுத்தவரும் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரலான டி.பி.எஸ்.ராவத். 2012-இல் முதல்வராக இருந்துகொண்டே கோட்துவாரில் கண்டூரி தோற்றார்.