மலை ஏறினால் மனசு லேசாகுமா?

மலையேற்றம் மனதுக்கு உண்மையிலேயே நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லதுதான். கோவைப் பக்கம் வெள்ளியங்கிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏழு மலை ஏற வேண்டும். முதல் மலையின் செங்குத்துப் படிகளிலேயே மூச்சு வாங்கும்; விறுவிறுவென்று கிளம்பியவர்தான் முதலில் உட்காருவார். அப்புறம் மூச்சுக்கு ஏற்ப அடி வைக்க உடம்பு தானாகப் பழகும். கண்ணெல்லாம் அடுத்த படியில் இருப்பதால் ஆபீஸ் கவலை எட்டிப் பார்க்காது. முன்பின் தெரியாதவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். இறங்கும்போது முழங்கால் கெஞ்சும், தடியின் அருமை அப்போது தெரியும்.

இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். வழியிலேயே உயிரிழந்தவர்கள் உண்டு. புதியவர் என்றால் சில வாரம் மாடிப்படி ஏறிப் பழகிவிட்டுப் போங்கள்.